பாஸ்வேர்டை மாத்தலாம், பிறந்த ஊரை?

உங்க வீட்டுல முதல்ல ஈமெயில் ஐடி ஆரம்பிச்சது யாரு? எங்க வீட்டில் மாமா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரர். வேலைக்கு விண்ணப்பிக்க பஸ் பிடித்து கள்ளக்குறிச்சி வந்து, ஒரு பிரவுசிங் சென்டரில் யாஹூ ஐடி தொடங்கினார். அன்றைக்கு மெயில் என்றாலே யாஹூதான்.

2013 ஆகஸ்டில் யாஹூவின் அத்தனை கணக்குகளின் விவரமும் திருடு போனது. மொத்தம் 300 கோடி. பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், எம்டி5 என்ற பலவீனமான முறையில் ஹாஷ் செய்த பாஸ்வேர்டு. சிலருக்கு ரகசியக் கேள்வியும் பதிலும்கூட. பாஸ்வேர்டை மாத்தலாம். அம்மா பெயரையும் பிறந்த ஊரையும் எப்படி மாத்துவீங்க?

2016 டிசம்பரில் '100 கோடி' என்றார்கள். 2017 அக்டோபரில்தான் 'எல்லாமே' என்று ஒத்துக்கொண்டார்கள். 2014-ல் நடந்த இன்னொரு திருட்டில் 50 கோடி கணக்குகள் போயின. அது சில நாட்களிலேயே பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியும் என்கிறது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம். நமக்குச் சொன்னது 2016 செப்டம்பரில். இதை மறைத்ததற்கு 2018-ல் 3.5 கோடி டாலர் அபராதம்.

அடகுக்கடையில் நகை வைக்கிறோம். கடையில் திருடு போகுது. கடைக்காரர் வாயே திறக்காமல் ரெண்டு வருஷம் வட்டி வாங்கினால் என்ன சொல்வோம்? திருடனைவிட அவர்மேல்தானே கோபம் வரும்!

யாஹூ சரிந்ததற்கு இது மட்டும் காரணமில்லை, ஜிமெயில் முன்னாடியே முந்திவிட்டது. ஆனால் வசதி தேடிப் போனவர் திரும்பி வரலாம். நம்பிக்கை போய்ப் போனவர் வரமாட்டார்.

'பழைய கதை, நமக்கென்ன?' என்று கேட்கிறீர்களா? நாளைக்கு இந்த சிஸ்டங்களை எழுதப்போவது நாம்தானே.

போன வருஷம் நம்ம சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் தளத்தை எழுதியது நான். "அண்ணா, என் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு ஜூனியர் கேட்டாள். தெரியும். ஹாஷ்கூட பண்ணாமல் அப்படியே சேமித்திருந்தேன். சிரித்து மழுப்பிவிட்டு, அன்று ராத்திரியே டேட்டாபேஸை அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போ சொல்றேன். அதில் பதிவு செய்தவர்கள், அதே பாஸ்வேர்டை வேறெங்காவது வெச்சிருந்தா இன்னைக்கே மாத்திடுங்க. லேட்டாகச் சொன்னதற்கு மன்னிச்சிடுங்க.