டிக்கியில் ஒரு செங்கல்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள். இறங்கியதும் பலர் தேடுவது டீக்கடையை அல்ல, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல்லை. நானும் இரண்டு வருடம் டிக்கியில் செங்கல்லோடு திரிந்தவன்தான். ஹேண்ட்பிரேக் லிவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி மெல்ல நழுவும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் லிவர் பக்கத்துக் கவரைக் கழற்றி, கேபிள் நட்டை நாலு திருகு திருகி, "சரியாயிடுச்சு சார்" என்பார்கள். இது வைத்தியமே அல்ல. பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பல நேரம் கேபிள்மேல் பழியில்லை. பிரேக் ஷூ தேய்ந்திருக்கும், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளியைத் தானாகக் குறைக்க வேண்டிய அட்ஜஸ்டர் துருவேறி இறுகியிருக்கும். அதைப் பார்க்காமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும். கொஞ்ச தூரத்திலேயே டிரம் கொதிக்கும், மைலேஜும் போகும். முதலில் டிரம்முக்குள் பார்வை, கடைசியில்தான் கேபிள். என் வண்டியில் இடது டிரம்மைத் திறந்தபோது, வீல் சிலிண்டர் கசிந்து, ஷூ முழுக்க பிரேக் ஆயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. எத்தனை நட்டைத் திருகினாலும் அது பிடித்திருக்குமா? ஊறிய ஷூவைக் கழுவிப் போடுவதும் வீண். இரண்டு பக்கமும் மாற்றத்தான் வேண்டும். அடுத்த சர்வீஸில் பில்லை நீட்டும்போது, "டிரம்மைக் கழற்றினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.