மாலை போட்டால் மட்டும் போதுமா?

பிள்ளையொன்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் எங்கள் வலப்பனைப் பக்கத்தில் என்ன நடக்கும்? பொன்னாடை, மாலை, போட்டோ, கையில் ஒரு என்வலப். சில வருடங்களுக்கு முன் தோட்டத்துப் பையன் ஒருவன் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானபோது வர்த்தகர்களாகிய நாங்களும் கூடி 25,000 ரூபா கொடுத்தோம். அதில் என் பங்கு 5,000. அவனுடைய தகப்பன் தேயிலை பெக்டரியில் ட்ரையர் மெசினில் வேலை செய்பவர். இயந்திரப் பொறியியல்தான் படிப்பேன் என்று பையன் மேடையில் சொன்னான். கடமை முடிந்தது என்று நானும் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை, சரக்கு எடுக்கக் கண்டிக்குப் போயிருந்தேன். மொத்தக் கடையொன்றில் மா மூடை சுமந்து கொண்டிருந்தான் அவன்.

"வகுப்பு இல்லையா தம்பி?"

"இருக்கு முதலாளி. போடிங் காசு ரெண்டு மாசம் நிலுவை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஒருமுறை தந்தீங்க. மறுபடி எப்படிக் கேக்கிறது?"

பொறியியல் பீடத்தில் முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவானது. அந்தப் புள்ளிகளை வைத்தே பிரிவு ஒதுக்குகிறார்கள். அவனுக்கு இயந்திரப் பொறியியல் கிடைக்கவில்லை. வேறு பிரிவில் படித்தான். மூடை சுமந்த நாட்களின் விலை அது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அரசாங்கம் கொடுப்பதில்லையா என்று கேட்கலாம். கொடுக்கிறது. படிப்பு இலவசம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்த மஹபொல இருக்கிறது. மாதம் 5,000 ரூபாவாக இருந்த அந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் போடிங், சாப்பாடு, பஸ் கூலி, கணினி என்று பார்த்தால் அது எந்த மூலைக்குக் காணும்? தவணை பிந்தி வருவதும் உண்டு. 2017இல் வந்த வட்டியில்லா மாணவர் கடன்திட்டமோ அரச சார்பற்ற நிறுவனங்களில் படிப்போருக்கானது. கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்று நுவரெலியாவுக்கு அனுமதியில் சலுகை உண்டு. அந்தச் சலுகை பல்கலைக்கழக வாசலோடு சரி.

இந்த இடைவெளியை நிரப்புவது நம் சமூகத்துக்குப் புதிய வேலையல்ல. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இலேயே இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கினார். பின்னர் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்புரிமை இல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்கள் மருத்துவம், பொறியியல் படிக்க உதவியபோது அதை 'கர்ழ் ஹஸன்' என்ற வட்டியில்லாக் கடனாகவே கொடுத்தது. மாணவன் உழைத்துத் திருப்பிக் கட்டும் பணம் வங்கிக்குப் போகாது. அவனுடைய சமூகத்தின் அடுத்த பிள்ளைக்கே போகும். சுழலும் முதல் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாத கணக்கா?

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 20 கடைகள் மாதம் 1,000 ரூபா வீதம் போட்டால் 20,000. இரண்டு மாணவர்களுக்குத் தலைக்கு 10,000. நான்கு வருடத்தில் ஒருவருக்கு 480,000 ரூபா. தொழில் கிடைத்ததும் அதே 10,000 வீதம் நான்கு வருடத்தில் திருப்பிக் கட்டட்டும். அப்போது நாம் ஒரு சதமும் போடாமலே அடுத்த இருவர் படிப்பார்கள். ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 33 ரூபா சொச்சம்தான். இதை ஸகாத்தோடு கலக்க வேண்டாம். கணக்கு வேறாக இருக்கட்டும்.

படித்து முடித்து வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டால்? என் கடன் கொப்பியிலும் வராக்கடன் இருக்கிறது. அதற்காக நான் கடையை மூடவில்லை. கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்கிறது நமது மார்க்கம். அப்படியே செய்வோம்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று ஒரு ஹாஜியார் கேட்டார். சம்பள நாளில் நம் கல்லாவில் விழுவது யாருடைய காசு? கொழுந்து பறிக்கும் கைகளின் காசு. அந்த வீட்டுப் பிள்ளையை ஒதுக்கிவிட்டு ஒரு நிதியம் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, இதற்கு இதுவா நேரம் என்பார்கள் சிலர். வீடு இழந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் அது என்ன செய்யும் என்று அவர்கள் யோசிக்கட்டும்.

அடுத்த உயர்தரப் பெறுபேறு வரும்போது மாலையும் வாங்குவோம், தப்பில்லை. அதற்கு முன் 20 பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவிடுவோம். முதல் பெயராக என்னுடையதை எழுதுங்கள்.