வேப்பங்குச்சிப் பெருமையை எங்க தலையில கட்டாதீங்க

போன மாசம் கோயமுத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் எங்க தோட்டம் பார்க்க வந்திருந்தாங்க. வந்தவர் வேப்பமரத்துல ஒரு குச்சியை ஒடிச்சு, பையன் கையில கொடுத்து, "இந்த ஊர்க்காரங்க எல்லாம் இதுலதான்டா பல்லு விளக்குவாங்க. அதான் இவங்களுக்குப் பல் டாக்டரே தேவைப்படறதில்லை"ன்னார். மோர் கொண்டாந்து நின்ன எங்க அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டு சிரிச்சாங்க. அம்மாவுக்கு மேல்வரிசையில மிச்சம் இருக்கிறது மூணே பல்லு. சின்ன வயசுல இருந்து வேப்பங்குச்சியில விளக்கினவங்கதான்.

விருந்தாளிகிட்ட வாதாடக் கூடாதுன்னு அன்னிக்கு விட்டுட்டேன். இங்க சொல்லிடறேன்.

வேப்பங்குச்சி கெட்டதுன்னு நான் சொல்லலைங்க. நல்லா மென்னு நாராக்கித் தேய்ச்சா பல்லு மேல இருக்கிற அழுக்கு போகும். ஆனா ரெண்டு பல்லுக்கு நடுவுல, கடவாய்ப் பல்லுக்குப் பின்னால அது போய்ச் சேராது. எனாமலைக் காக்கிற ஃப்ளோரைடும் அதுல கிடைக்காது. வாயில இருக்கிற பாக்டீரியா சர்க்கரையைத் தின்னு அமிலத்தை விடுது, அந்த அமிலம் பல்லைக் கரைக்குது. சொத்தைங்கறது இவ்வளவுதான். எங்க தாத்தா காலத்துல இனிப்புன்னா நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான். இன்னிக்கு எங்க ஊர்க் குழந்தைக கையில காலையில இருந்தே அஞ்சு ரூபாய் பாக்கெட். பெரியவங்களுக்கு நாளைக்கு அஞ்சு டீ. குச்சி அதேதான், தின்னுறது மாறிப்போச்சு.

இன்னொண்ணு. "நாட்டுச் சர்க்கரைதான் சாப்பிடறோம், பல்லுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு என்கிட்டயே வாங்கிட்டுப் போறவங்க சொல்றாங்க. கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுறவன் நான். என் வியாபாரத்துக்கு நட்டம்தான், இருந்தாலும் சொல்றேன்: வெல்லமும் சர்க்கரைதான். பல்லுல ஒட்டிக்கிட்டு நின்னா சொத்தையாக்கும்.

அம்மா பல்லு விழுந்தது சொத்தையால இல்லை, ஈறு நோயால. நாற்பத்தஞ்சு வயசுல விளக்கும்போது ரத்தம் வந்துச்சு. "சூடு"ன்னு சொல்லி விட்டுட்டாங்க. பல்லுல காரை கட்டி, ஈறு இறங்கி, பல்லு ஆட ஆரம்பிச்சுது. ஆடின பல்லைக் கையாலேயே எடுத்துப் போட்டாங்க. சர்க்கரை நோய் வேற இருக்கு. சர்க்கரை ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சர்க்கரை அடங்காது. ரத்தம் வந்த காலத்திலேயே காரையைச் சுத்தம் செஞ்சு, சர்க்கரையையும் கட்டுக்குள்ள வச்சிருந்தா பல பல்லு தங்கியிருக்கும். "கிளீன் பண்ணினா பல்லு ஆடும்"னு ஊரே சொன்னதை நாங்களும் நம்பினோம்.

இங்க வலி வராம யாரும் டாக்டர்கிட்ட போறதில்லை. பஸ் ஏறி டவுனுக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. சின்னக் குழியா இருக்கும்போது போனா ஒரே தடவையில அடைச்சிடலாம். நரம்பு வரைக்கும் போயிட்டா வேர் சிகிச்சை செய்யணும், கெட்ட சதையை எடுத்து, வேருக்குள்ள சுத்தம் பண்ணி அடைச்சு, மேல தொப்பி மாட்டணும். அதுக்கு ரெண்டு மூணு தடவை நடக்கணும், ஆயிரக்கணக்குல காசும் வேணும். "பிடுங்கிடுங்க சாமி"ன்னு சொல்லிட்டு வந்துடறாங்க. சிலர் அதுக்கும் பயந்துக்கிட்டு, மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்னு வீட்டுலயே கிடக்கிறாங்க. கண் பார்வை நரம்பு வேற, பல்லு நரம்பு வேற.

வீட்டுல கிடந்தா கிராம்பு வைப்பாங்க. மரத்துப் போகும், அவ்வளவுதான். வலி தானா நின்னா நரம்பு செத்துப்போச்சுன்னும் இருக்கலாம், வேர்ல சீழ் கோத்துக்கிட்டே இருக்கும். அதைவிட மோசம், வலிக்கிற பல்லுல புகையிலை அடக்குறது. எங்ககிட்ட கரும்பு வெட்ட வந்த ஒரு அண்ணன் அப்படித்தான் ஆரம்பிச்சார். வலி போச்சு, புகையிலை நின்னுக்கிச்சு. கன்னத்துக்குள்ள வெள்ளையாப் படர்ந்ததை யாரும் பெருசா எடுத்துக்கலை. கடைசியில புற்றுநோய்னு சொன்னாங்க. குட்காவுக்கு 2013-லயே நம்ம மாநிலத்துல தடை போட்டாங்க. ஆனா கேட்கிற இடத்துல கேட்டா இன்னும் கிடைக்குது.

நீங்க ராத்திரி பேஸ்ட் போட்டுப் பல்லு விளக்கிட்டு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா டாக்டரைப் பார்த்துட்டு, எங்களுக்கு மட்டும் வேப்பங்குச்சிப் பெருமையை வாட்ஸ்அப்புல அனுப்புறீங்க. அதைப் படிச்சுட்டு எங்க பசங்களும் "நமக்கு எதுக்கு டாக்டர்"ங்கறாங்க. உங்களுக்கு அது ரசிக்கிற விஷயம், எங்களுக்குப் பல்லு போற விஷயம்.

அனுப்பறதா இருந்தா இதை அனுப்புங்க. ஃப்ளோரைடு பேஸ்ட்ல காலையில ஒருக்கா, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா விளக்கணும். ஆறு வயசுல பால்பல்லுக்குப் பின்னால முளைக்கிற கடவாய்ப் பல்லு நிலையான பல்லு. எந்தப் பல்லும் விழாம அது முளைக்கிறதால, அதையும் பால்பல்லுன்னு நினைச்சுச் சொத்தையாக விட்டுடறாங்க. போனா வேற முளைக்காது. வாயில புண்ணோ, வெள்ளை சிவப்புத் திட்டோ ரெண்டு வாரத்துல ஆறலைன்னா உடனே காட்டணும்.

அப்புறம், தோட்டம் பார்க்க வரும்போது எங்க குழந்தைகளுக்குச் சாக்லேட் வேண்டாம். ஆளுக்கு ஒரு பிரஷ் வாங்கிட்டு வாங்க. மோர் எப்பவும் போல உண்டு.