வாங்காத கடனுக்கு வசூல்

நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் குழுக்கடனுக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் நகலை யோசிக்காமல் நீட்டுகிறோம். இப்படிக் கைமாறும் அடையாள விவரங்களை வைத்து நம் பெயரில் வேறொருவர் கடன் எடுத்துவிடலாம். 2022-இல், தங்கள் பான் எண்ணில் யாரோ ‘தனி’ (Dhani) என்ற கடன் செயலியில் கடன் எடுத்துவிட்டதாகப் பலர் புகார் செய்தார்கள். அவர்களில் நடிகை சன்னி லியோனும் ஒருவர். அவருக்குச் சீக்கிரமே தீர்வு கிடைத்தது, கூலிக்காரருக்குக் கிடைக்குமா?

வாங்காத கடனுக்கு வசூல்காரர் மிரட்டினாலும் நூறு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்திடம் கடன் ஒப்பந்த நகலையும், பணம் போன கணக்கின் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். சிபில் எனும் கடன் வரலாற்றுப் பதிவு குறித்த புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு. விருதுநகர் மாவட்ட முன்னோடி வங்கி இந்த வழிகளை நூறு நாள் வேலைத் தளங்களுக்கே வந்து சொல்ல வேண்டும்.