அமுங்கிய சுருள்வில்லும் வன்னிக் கைப்பழக்கமும்

பொருளாதாரத் தடைக்காலத்து வன்னியைப் பற்றி எழுதுபவர்கள், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலிகளையும் தவறாது குறிப்பிடுவர். நானும் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால், கையில் கிடைத்ததைக் கொண்டு எதையும் கழற்றலாம் என்று அக்காலம் கற்றுத்தந்த துணிவு, காரின் முன்சக்கரத்துச் சொக் அப்சோபரிடம் செல்லாது.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டுப் பக்கம் போகிறவர்கள், வளவுகளின் மரநிழலில் சக்கரம் கழற்றப்பட்டு நிற்கும் பழைய வண்டிகளைக் காணலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் என்ன, புதியது வாங்கும் வசதி எத்தனை பேருக்கு? கிளிநொச்சிக்குக் கொண்டுபோனால் கராஜ் கூலியோடு வண்டி ஓடாத நாளின் உழைப்பும் போகும். ஆகவே வீட்டிலேயே கழற்றுகிறார்கள். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை.

மோட்டார் சைக்கிளின் பின் சொக்கை இருவர் சேர்ந்து பலங்கொண்டு அமுக்கிக் கழற்றிவிடுவர். அதே கைதான் காருக்கும் வருகிறது. ஆபத்தும் அங்கேதான். சுசுகி அல்டோ போன்ற சிறு கார்களின் முன்புறத்தில் இருப்பது, ஏர்ல் மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1940களில் வகுத்த முறை. சொக்கைச் சுற்றியே சுருள்வில் அமர்ந்திருக்கும். உச்சியிலுள்ள ஒரேயொரு நட்டுத்தான் அதனை அமுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. வண்டியிலிருந்து கழற்றி மண்ணில் கிடத்திய பின்னரும் அந்த வில் ஓய்ந்துவிடுவதில்லை. ஓட்டத்தில் ஏறத்தாழ 200 கிலோ பாரத்தைத் தாங்கும் வில் அது. நட்டைத் திறந்ததும் மேல்தட்டுப் பாய்ந்து வரும். முகம் எதிரே இருந்தால் கண்ணோ தாடையோ போகும், உயிரே போகலாம். கயிறும் கட்டுக்கம்பியும் அதற்கு முன் நில்லா.

இதற்கென்றே கொளுக்கிகள் கொண்ட திருகுக் கருவி, சோடியாக, உண்டு. வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொன்றைப் பூட்டி, இதில் சில சுற்று, அதில் சில சுற்று என்று மாறிமாறிக் கையாலேயே முறுக்கவேண்டும். வில் தன் தட்டுக்களிலிருந்து விடுபட்டு அசையும்வரை நடு நட்டைத் தொடவே கூடாது. துருவேறிப் புரி தேய்ந்த கருவி கயிற்றிலும் மோசமானது; நம்பிக்கையை அல்லவா தந்துவிடுகிறது! (ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடுபவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.)

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படும் கருவியை ஒவ்வொருவரும் வாங்குவர் என எதிர்பார்ப்பது வீண். நம்மூர்களில் சங்கங்கள் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிரையும் கிடாரமும் வாடகைக்குக் கொடுப்பதில்லையா? உடையார்கட்டில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ தரமான ஒரு சோடியை வாங்கி, கையெழுத்து வைத்துக்கொண்டு கொடுத்தால் என்ன? போகும்போதும் வரும்போதும் அதன் புரியைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கு வன்னியில் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவரைக் கொண்டு, ஒரு பிற்பகல், ஊர்ப் பொடியன்களுக்குக் கழற்றிப் பூட்டிக் காட்டுவதற்குத் திட்ட அறிக்கையும் வேண்டியதில்லை, தொண்டு நிறுவனமும் வேண்டியதில்லை.