வடிவாப் பார்த்தல்

எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து "வடிவு" என்பது ஓர் ஆளின் பெயர். தெல்தோட்டைப் பக்கம் நாங்கள் இருந்த லயத்தில், நாலாவது காம்பரா வடிவக்கா. கொழுந்து நிறுக்கும்போது இரண்டு இறாத்தல் குறைந்தாலும் தராசுப் பக்கத்தை விட்டு நகரமாட்டார். "திருப்பி நிறுங்க" என்பதுதான் அவர் வாயில் நான் அதிகம் கேட்ட வார்த்தை.

பேராதனைக்குப் போன பிறகுதான் அந்தப் பெயருக்கு வேறு தொழில்களும் உண்டென்று தெரிந்தது. எங்களுக்கு மின்காந்தவியல் எடுத்தவர் வடமராட்சிக்காரர். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் எங்கள் நாலைந்து பேரோடு தமிழுக்கு மாறிவிடுவார். மக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளையும் முடித்த அன்று, கையில் வெண்கட்டித் தூள் ஒட்டியிருக்க, "என்ன வடிவு, பாத்தீரோ?" என்றார். அழகு என்கிறார் என்று புரிந்துகொண்டேன். அடுத்த கிழமை என் பயிற்சித் தாளைத் திருப்பித் தந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "இதை நீர் வடிவாப் பாக்கேல்லை" என்றார். ஒரு சமன்பாட்டை அழகாகப் பார்க்காதது அவ்வளவு பெரிய குற்றமா என்று குழம்பி நின்றேன். கூட இருந்த பருத்தித்துறை நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "வடிவா எண்டா கவனமா, ஒழுங்கா எண்டு அர்த்தம், மடையா. மைனஸ் குறியை விட்டிட்டாய்."

உருவத்துக்கும் அழகுக்கும் கவனத்துக்கும் ஒரே சொல்லை வைத்துப் புழங்கும் ஊர் அவர்களுடையது. கோட்பாட்டுப் பௌதிகத்தில் அழகுக்கு என்ன இடம் என்ற கேள்வி எங்கே வந்தாலும் எனக்கு அந்தப் பயிற்சித் தாள்தான் ஞாபகம் வரும். போன மாதம் கட்டுக்கலையில் என் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை அதையே கேட்டாள். "சேர், அழகா இருக்கிற சமன்பாடுதான் சரியா இருக்கும்னு யூடியூப்ல சொல்றாங்க. உண்மையா?"

அப்படிச் சொன்னவர்களில் தலையாயவர் பௌதிகவியலாளர் போல் டிராக். சமன்பாடு பரிசோதனையோடு ஒத்துப்போவதைவிட அது அழகாக இருப்பது முக்கியம் என்று 1963இல் எழுதியே வைத்தார். வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. 1928இல் சார்புக் கொள்கைக்கும் குவாண்டத்துக்கும் ஒத்துவருமாறு அவர் எழுதிய இலத்திரன் சமன்பாடு, யாரும் கேட்காமலே இன்னொரு துணிக்கையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது. இலத்திரனைப் போலவே இருக்கும், ஏற்றம் மட்டும் நேர். 1932இல் கார்ல் அண்டர்சன் முகிலறையில் அதன் தடத்தைப் பிடித்தார். பொசித்திரன்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக நடுவில் இரண்டு வருடத்தை விழுங்கிவிடுகிறார்கள். 1930இல் டிராக் அந்த நேரேற்றத் துணிக்கை புரோத்தனாகத்தான் இருக்கும் என்று எழுதினார். உலகம் முழுவதையும் இரண்டே துணிக்கைகளால் கட்டிவிடலாம் என்றால் எவ்வளவு சிக்கனம்! அதுவும் ஓர் அழகுதான். ஆனால் புரோத்தன் இலத்திரனைவிட 1,836 மடங்கு கனமானது. சமன்பாட்டின் சமச்சீர்ப்படி இரண்டு திணிவும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று ஹெர்மன் வைல் கணக்கைக் காட்டினார். 1931இல்தான் டிராக் இறங்கிவந்து, இது புதிய துணிக்கை என்றார். ஓர் அழகு இன்னோர் அழகை மறைத்துக்கொண்டு நின்றது. எது நிற்கும் என்பதைக் கணக்குத்தான் பிரித்துக் காட்டியது.

நம்மூர்க்காரர் ஒருவர் இதற்குள் வருகிறார். கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918இல் பிறந்த யாழ்ப்பாணத்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜில் அதே டிராக்கின் மாணவர். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், அதன்பின் மலாயா, கடைசியில் மெல்பேர்ன். இலங்கைப் பல்கலைக்கழகம் என்பது அப்போது ஒன்றுதான். 1952இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது விஞ்ஞானம் கொழும்பிலேயே நின்றுவிட்டதால் எங்கள் மகாவலிக் கரைக்கு அவர் கிடைக்கவில்லை. எங்கள் விரிவுரையாளர் அவர் பெயரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார், கோயில் வாசலில் பேசுவதுபோல.

எலியேசர் செய்தது என்னவென்று உயர்தரப் பிள்ளைக்கும் சொல்லலாம். விசை என்பது திணிவு தர ஆர்முடுகல் என்று நியூட்டன் சொன்னார். ஆனால் ஏற்றமுள்ள துணிக்கை ஆர்முடுகும்போது ஒளியை உமிழ்கிறது, சக்தியை இழக்கிறது. அந்த இழப்பு அதன் இயக்கத்தையே திருப்பித் தாக்கவேண்டும். அதைச் சரியாக எழுதப் போனால், இலத்திரனை ஒரு புள்ளி என்று கொண்டவுடன் முடிவிலிகள் வந்து கழுத்தைப் பிடிக்கும். 1938இல் டிராக் ஒரு கட்டுரை எழுதினார். முடிவிலிகளையெல்லாம் லாவகமாகத் திணிவுக்குள் ஒதுக்கிவிட்டு, பிசிறே இல்லாத ஒரு சமன்பாட்டை வெளியே எடுத்தார். நியூட்டன் சொன்னதோடு ஓர் உறுப்பு மட்டும் கூடுதல்: ஆர்முடுகல் மாறுகின்ற வீதம். ஒரு வரி. பார்த்தால் வடிவு.

வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. எந்த விசையும் இல்லாமலே இலத்திரன் தன்பாட்டில் வேகம் கூடி ஓடிவிடும் தீர்வுகள் அதில் இருந்தன. கடைசியில் ஆர்முடுகல் பூச்சியம் ஆகவேண்டும் என்று நிபந்தனை போட்டு அவற்றைத் துரத்தினால் வேறு வில்லங்கம். விசை வந்து சேர்வதற்கு ஒரு கணம் முன்பாகவே இலத்திரன் அசையத் தொடங்கிவிடும். அந்தக் கணம் ஒரு செக்கனைக் கோடி கோடி கோடியாகப் பிரித்தால் வருவதைவிடச் சிறியது. அவ்வளவு சிறியது என்றால் பொறுத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் டிராக்குக்கு இருந்தது.

சின்ன மாணவர் எலியேசர் மிக எளிமையான ஒரு கேள்வியை எடுத்தார். ஓர் இலத்திரன், ஒரு புரோத்தன். ஐதரசன் அணுவின் இரண்டே உறுப்பினர்கள். இலத்திரனைப் புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விடு. ஒன்றையொன்று இழுக்கும் ஏற்றங்கள், ஆகவே விழுந்து மோதவேண்டும். ஆசிரியரின் சமன்பாடு என்ன சொல்கிறது? 1943இல் வந்த அவரது கட்டுரையின் விடை: மோதவே மோதாது. புரோத்தனை அடையுமுன் இலத்திரன் நின்று, திரும்பி, தன்னை இழுப்பதை விட்டு விலகி, மேலும் மேலும் ஆர்முடுகி முடிவிலியை நோக்கி ஓடும். தேங்காயை மரத்திலிருந்து விட்டால் நிலத்துக்கு ஒரு முழம் முன்பாக நின்று, திரும்பி வானத்துக்குப் போவதுபோல.

எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்தது விடை அல்ல, அந்த நிதானம். போர்க்காலக் கேம்பிரிட்ஜ். உலகத்திலேயே மிகப் பெரிய பெயர்களில் ஒன்று எதிரே இருக்கிறது. சமன்பாட்டின் அழகைப் பற்றி அந்த யாழ்ப்பாணப் பிள்ளை விவாதிக்கவே இல்லை. அதில் ஒரு கனத்தை ஏற்றிப் பார்த்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்று "திருப்பி நிறுங்க" என்று சொன்னது. 1948இல் எலியேசர் மாற்றாக ஒரு சமன்பாட்டையும் முன்வைத்தார். வலிமை மிக்க லேசர்க் கதிருக்குள் அகப்பட்ட இலத்திரன் எப்படி நடந்துகொள்ளும் என்று இன்று கணக்குப் பார்ப்பவர்களின் கட்டுரைகளில் எலியேசர் – ஃபோர்ட் – ஓ'கொன்னல் என்ற பெயரைப் பார்க்கலாம்.

டிராக்கோ தன் ரசனையை விட்டுக்கொடுக்கவில்லை. பிந்தி வந்தவர்கள் முடிவிலிகளை முடிவிலிகளால் கழித்துக் கட்டிய குவாண்டம் மின்னியக்கவியல் அவருக்கு அருவருப்பாகவே இருந்தது. 1984இல் இறக்கும்வரை அதை ஏற்கவில்லை. அந்த அவலட்சணமான கணக்கு இலத்திரனின் காந்தத் திருப்புதிறனைப் பத்துத் தசம தானங்களுக்கும் மேலாகச் சரியாகச் சொல்கிறது. வடிவில் குறை, வடிவாப் பார்த்ததில் குறையில்லை.

கேள்வி கேட்ட பிள்ளையையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் ஒரு சனிக்கிழமை எம்பெக்கே தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். கண்டியிலிருந்து பேராதனைத் தோட்டத்தைத் தாண்டி, பிலிமத்தலாவையில் திரும்பினால் வழியில் கடலாதெனியக் கல் விகாரையும் இலங்காதிலகமும் வரும். கடலாதெனியவை 1344இல் கட்டிய ஸ்தபதி கணேசுவராசாரி என்று கல்வெட்டுச் சொல்கிறது. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். எம்பெக்கேயில் இருப்பவர் கதிர்காமக் கடவுள். கம்பளை இராச்சிய காலத்து, மூன்றாம் விக்கிரமபாகு மன்னர் கட்டியதாகச் சொல்லப்படும் தேவாலயம். எல்லோரும் போவது மேளமண்டபத்து மரத்தூண்களின் செதுக்கலைப் பார்க்க. இரட்டைத்தலைப் பறவை, மல்லர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். பிள்ளைகளின் கைபேசிகள் அதிலேயே மொய்த்தன.

நான் காட்ட நினைத்தது கூரையில் இருந்தது. மண்டபத்தின் ஒரு முனையில் மூன்று பக்கத்துக் கைமரங்களும் சாய்ந்துவந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரேயொரு பெரிய மர ஆணி. மடொல் குருபாவ என்று பெயர். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், விசிறியின் கம்புகள் கைப்பிடியில் சேர்வதுபோல இருக்கும். கைமரம் ஒவ்வொன்றும் மெல்லியது. பாரம் எல்லாம் அந்த ஒன்றில். கூரை அவிழாமல் நிற்பதால்தான் அது அழகு. நின்றிராவிட்டால் அதை ரசிக்க நாங்கள் அங்கே நின்றிருக்க மாட்டோம்.

"எத்தனை கைமரம்?" என்று கேட்டேன். காவலாளி சிங்களத்தில் முந்திக்கொண்டார், இருபத்தாறு என்று. உடனே ஒரு பையன் குதித்தான். "சேர்! இழைக் கொள்கையில 26 பரிமாணம்!" அவனும் யூடியூப்தான். உண்மையும்தான். ஆதி வடிவ இழைக் கொள்கை ஒன்றுக்கு 26 பரிமாணம் தேவைப்பட்டது. கம்பளைத் தச்சருக்கு அது தெரிந்திருக்க ஞாயமில்லை என்றேன்.

சிரித்தாலும் இந்த நோய் பெரியவர்களையும் பிடித்ததுதான். வானியலாளர் ஆர்தர் எடிங்டன், அணுவுலகத்தின் ஓர் அடிப்படை எண்ணின் தலைகீழ் 136ஆகத்தான் இருக்கவேண்டும் என்று தூய சிந்தனையாலேயே நிறுவினார். அளவீடுகள் 137ஐ நெருங்கியதும் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். இன்றைய அளவீடு 137.036. "ஆர்தர் ஆடிங்-வன்" என்று அவரைக் கேலி செய்தார்கள். கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் திணிவுள்ள வெண்குள்ளன் தன் பாரத்தைத் தானே தாங்காது என்று கணக்கிட்டிருந்தார். 1935 ஜனவரி 11ஆம் திகதி லண்டனில் அரச வானியல் சங்கக் கூட்டத்தில் எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படிக் கேலிக்கூத்தாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரவேண்டும் என்றார். கணக்கின் அடிப்படையைச் சாடினார், ஆனால் பிழையை நிறுவவில்லை. முடிவு அவர் ரசனைக்கு ஒவ்வவில்லை. சபை சிரித்தது.

அந்த இளைஞர் அந்தத் துறையை விட்டு விலகி வேறு வேலை பார்த்தார். நாற்பது வருடம் கழித்து, எடிங்டன் அருவருத்த அதே வீழ்ச்சியின் கடைசி விளைவான கருந்துளைகளுக்குத் திரும்பி வந்தார். திணிவு, சுழற்சி என்று இரண்டு எண்களைச் சொன்னால் ஒரு கருந்துளையை முழுதாகச் சொல்லிவிடலாம். பிரபஞ்சத்தில் அதைவிடக் குறைவற்ற பொருள் இல்லை என்பது அவர் கருத்து. விஞ்ஞானத்தில் அழகு பற்றி 1987இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆக, ஒருவருக்குக் கேலிக்கூத்தாகத் தெரிந்தது இன்னொருவருக்குப் பூரணமாகத் தெரிந்தது. ஆனால் சந்திரசேகரின் பூரணம் கணக்குப் போட்டு முடித்த பிறகு வந்தது, எடிங்டனின் அருவருப்பு கணக்கில் பிழையை நிறுவுமுன் வந்தது. இந்த வரிசைதான் விஷயமென்று நான் நினைக்கிறேன்.

ஜெனீவாவின் பெரிய மோதுகருவி 2012இல் ஹிக்ஸ் துணிக்கையைப் பிடித்தது. மிக அழகானது என்று பலர் சொன்ன மீச்சமச்சீர்க் கொள்கை எதிர்பார்த்த துணிக்கைகளில் ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை. அழகில் மயங்கி வழிதவறிவிட்டோம் என்று சபீன் ஹொசன்ஃபெல்டர் 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஒரு கூரைக்கு எப்படிப்பட்ட ஆணி வேண்டும் என்று தச்சருக்கு முதலில் கண்தான் சொல்லியிருக்கும்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று பிள்ளைகளைக் கிளப்பினேன். கேள்வி கேட்டவள் மட்டும் வரவில்லை. மண்டபத்து முனையில் அண்ணாந்தபடி ஒரு விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தஞ்சுதான் சேர் வருது."

"அவர் இருபத்தாறு என்றாரே?"

"சொன்னாரு. இருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபக்கத்துத் தூணோரம் போய் நின்று, முதலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.