புகைக்கு வக்காலத்து!

"எரித்தால் என்ன குடி முழுகிவிடும்? எழும் புகையைக் கதிரவன் ஒளியால் மீண்டும் எரிபொருளாக்க விஞ்ஞானம் வழி கண்டுவிட்டதே!" என்று சிலர் பேசக் கேட்கிறோம். தோழர்களே! இது விஞ்ஞானம் பேசும் பேச்சா? அல்ல, புகைபோக்கிக்கு எடுக்கப்படும் வக்காலத்து!

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை, வாழ்த்துகிறோம். 1912-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய இரசாயன மேதை ஜியாகோமோ சாமிச்சான், நியூயார்க் மாநாட்டில், பாலைநிலங்களில் கண்ணாடிக் குழாய்கள் காடென நிற்கும், புகையில்லாத் தொழில்கள் அங்கே தழைக்கும் என்று முழங்கினார். 1979-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், டைட்டேனியம் டை ஆக்சைடு போன்ற தூள்களை நீரில் கலந்து, கரியமில வாயுவைச் செலுத்தி, ஒளி பாய்ச்சினர். மெதனாலும் ஃபார்மிக் அமிலமும் சிறிதளவு கிடைத்தன. அரிய சாதனை! ஐயமில்லை.

ஆனால், வினையூக்கி என்பது என்ன? வினை நடக்கும் வழியை எளிதாக்கும் துணை. ஆற்றலை வாரி வழங்கும் அட்சய பாத்திரமன்று! பிறக்கும் எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் உண்டோ, அவ்வளவுக்கும் குறையாமல் ஒளி தந்தாக வேண்டும்; நடைமுறையில் அதனினும் பன்மடங்கு தர வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நிலக்கரி உலையின் புகையைப் பிடித்து எரிபொருளாக்கி, அதை வண்டியில் ஊற்றி ஓட்டினால், அந்தக் கரி எங்கே போகிறது? வானுக்குத்தானே! ஒருமுறைக்கு இருமுறை பயன்பட்டது உண்மை, சுரங்கத்துக்குத் திரும்பியதா? இல்லை! காற்றிலிருந்தே வாயுவை எடுத்து, கதிரொளியால் எரிபொருளாக்கினால்தான் வட்டம் முழுமையாகும்.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-இல் 420-ஐத் தாண்டி நின்றது. ஆய்வுக்கூடத்துக் குப்பி ஆலையாக வளரும்வரை அது காத்திருக்குமா? மேகத்தைப் பார்த்துக் குடத்து நீரைக் கொட்டுவார் உண்டோ?

விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை நேரே மின்சாரமாக்கும் பலகைகள் இன்றே சந்தையில் உள்ளன. அவற்றால் ஆகும் வேலையை அவற்றிடம் விடுவோம். மின்கலம் சுமக்க இயலாத நெடுந்தூர விமானத்துக்கும் கப்பலுக்கும் கதிரவன் தரும் எரிபொருளைத் தேடுவோம். ஆய்வுக்குப் பொருள் அளிப்போம்.

நாளைய வினையூக்கி வரட்டும், வரவேற்போம்! அதைக் காட்டி இன்றைய உலைக்கு உரிமம் கேட்போரை, ஊரறிய மறுப்போம்!